புகழும் விலையும்

தொண்டை நாட்டின் வடமேற்குப் பகுதியில், ஆந்திர மாநிலத்தின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பள்ளிப்பட்டு. கொசத்தலையாறு அவ்வூரின் வழியாகப் பாய்ந்து, பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் எண்ணூருக்கு அருகே கடலில் கலக்கின்றது. ஆற்று நீர் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. அவ்வட்டாரத்து மக்களின் பேச்சும் அவ்வாறே. வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழ் பயில்வோரும், வீட்டில் தமிழ் பேசிச் சந்தையில் தெலுங்கு வழங்குவோரும் அங்கு மிகுதியாக உள்ளனர். இவ்விரு மொழிகளோடு ஆங்கிலத்தையும் பள்ளியிலே கற்கின்ற மாணவர்க்கு, மும்மொழிச் சொற்களையும் ஒருங்கே வைத்து ஆராயும் வாய்ப்பு இயல்பாகவே கிடைக்கின்றது.

இவ்வூரின் வரலாறும் இரு மொழிகளின் இடையே நிகழ்ந்த வரலாறேயாகும். 1911 ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தோன்றியபோது திருத்தணி வட்டாரம் அதனுள் அடங்கிற்று. 1953 ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது அம்மாவட்டம் முழுவதும் அதனைச் சார்ந்தது. தமிழறிஞர் ம. பொ. சிவஞானம் முதலியோர் வட எல்லைக்காகப் போராடினர். பட்டாஸ்கர் என்பார் நடுவராக இருந்து வழங்கிய பரிந்துரையின்படி 1959 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பெற்று, 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆட்சி எல்லை மாறிற்று. ஆயினும் மக்கள் நாவில் இரு மொழிகளும் முன்போலவே நின்றன.

ஒருவர் செய்த நற்செயலைக் கண்டு மகிழ்ந்து உரைப்பதைத் தமிழர் 'புகழ்தல்' என்பர். தெலுங்கர் அதனைப் 'பொகடு' என்னும் சொல்லால் குறிப்பர். இவ்விரு சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிறந்தவை. தமிழில் சிறப்பு ழகரம் வரும் இடத்துத் தெலுங்கில் டகரம் வருதல் பல சொற்களில் காணப்படும். தமிழின் 'கோழி' தெலுங்கிலே 'கோடி' ஆகும். 'ஏழு' என்னும் எண் 'ஏடு' ஆகும். அம்முறைப்படியே 'புகழ்' என்பது 'பொகடு' என நின்றது. கன்னடத்தில் சொல் முதற்கண் நிற்கும் பகரம் ஹகரமாகத் திரிவது வழக்கம். ஆதலின் அங்கே அது 'ஹொகளு' எனப்படும். 'மெச்சு' என்னும் சொல்லோ தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றிலும் வடிவம் மாறாமலே வழங்குகின்றது.

இத்தகைய உறவை முதன்முதல் சான்று காட்டி நிறுவியவர் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர். தென்னாட்டு மொழிகள் ஓரினத்தைச் சேர்ந்தவை என்று அவர் 1816 ஆம் ஆண்டிலே எழுதினார். 1856 ஆம் ஆண்டில் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலால் அக்கருத்தை விரிவாக விளக்கினார். பின்னர் பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவரும் இம்மொழிகளின் இனச்சொற்களைத் திரட்டி 1961 ஆம் ஆண்டில் சொற்பிறப்பு அகராதி ஒன்றை வெளியிட்டனர். வீட்டில் பேசும் தெலுங்கைப் பிறர் எள்ளுவாரோ என்று நாணும் மாணவன் ஒருவன் இருப்பானாயின், அவன் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அவன் வீட்டுச் சொல்லும் பள்ளிச் சொல்லும் உடன்பிறந்தவை. ஒன்றை உயர்த்துதற்கு மற்றொன்றைத் தாழ்த்த வேண்டுவதில்லை.

இனி, அம்மாணவன் மூன்றாவதாகக் கற்கும் ஆங்கிலத்தில் இக்கருத்தை உணர்த்தும் சொல் யாது? 'பிரெய்ஸ்' என்பதே அது. இது ஆங்கிலேயரின் பழஞ்சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் புகழ்தலைக் குறிக்க 'ஹெரியன்' என்னும் வேறொரு சொல் வழங்கிற்று. 1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்கள் பேசிய பிரெஞ்சு மொழி அரசவையிலும் வழக்குமன்றத்திலும் ஏறி அமர்ந்தது. அம்மொழிச் சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்தன. அவ்வாறு வந்த சொற்களுள் 'பிரெய்ஸ்' என்பதும் ஒன்று. பழஞ்சொல் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. வந்த சொல் நிலைபெற்றது.

பிரெஞ்சு மொழிக்கு அச்சொல்லைத் தந்தது இலத்தீன். இலத்தீனில் 'பிரெத்தியும்' என்றால் விலை என்பது பொருள். ஒரு பொருளுக்கு விலை குறித்தலை உணர்த்திய வினைச்சொல்லே நாளடைவில் ஒருவரைப் புகழ்தலை உணர்த்துவதாயிற்று. விலையைக் குறிக்கும் 'பிரைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லும், ஈற்றொலி சற்றே வேறுபட்டுப் பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' என்னும் சொல்லும், புகழ்தலைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' என்பதும் ஒரே வேரினின்று கிளைத்தவை. விலையுயர்ந்தது எனப் பொருள்படும் 'பிரெஷியஸ்' என்பதும், பாராட்டுதலை உணர்த்தும் 'அப்ரீஷியேட்' என்பதும் அவ்வேரைச் சார்ந்தனவே. ஜெர்மன் மொழியில் இன்றும் 'பிரைஸ்' என்னும் ஒரே சொல் விலை, பரிசு என்னும் இரண்டையும் குறிக்கும். அதன் வினை வடிவம் புகழ்தலைக் குறிக்கும்.

விலைக்கும் புகழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். புகழை விலைக்கு வாங்கலாம் என்பது இதன் பொருளன்று. ஒரு பொருளின் விலையைக் குறிக்க வேண்டுமாயின் முதலில் அதன் தகுதியை அறிய வேண்டும். வங்கியில் நகையை ஈடு வைக்கச் செல்வோர், அங்கே மதிப்பீட்டாளர் அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பர். அவர் நகையை நிறுத்துப் பார்க்கின்றார். உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றார். கல்லும் அரக்கும் எவ்வளவு எனக் கணித்துக் கழிக்கின்றார். அதன் பின்னரே தொகையைச் சொல்கின்றார். நகையைக் கையில் எடுத்துப் பாராமலே தொகை சொல்பவரை எந்த வங்கியும் அப்பணியில் வைத்துக்கொள்ளாது. 'பிரெய்ஸ்' என்னும் சொல்லின் பிறப்பு உணர்த்தும் உண்மை இதுவே. நன்கு ஆராய்ந்து தகுதியை அறிந்தவனே புகழ்வதற்கு உரியவன்.

தமிழ் இவ்வுண்மையை வேறொரு சொல்லால் உணர்த்துகின்றது. 'மதித்தல்' என்பது அளவிடுதலையும் குறிக்கும். நன்கு எண்ணுதலையும் குறிக்கும். பொருளின் மதிப்பு என்றால் அதன் விலை. பெரியோரிடத்துக் கொள்ளும் மதிப்பு என்றால் நன்கு எண்ணிப் பாராட்டும் உள்ளம். தேர்வில் ஆசிரியர் வழங்குவது மதிப்பெண். இலத்தீன் மொழியை ஒருபோதும் கேட்டறியாத தமிழரும், அளத்தலையும் பாராட்டுதலையும் ஒரே சொல்லில் இணைத்து வைத்துள்ளனர். மிகத் தொலைவில் வாழ்ந்த இரு மக்கட்கூட்டத்தார் தத்தம் வழியே சென்று ஒரே கருத்தை அடைந்தது வியப்பன்றோ?

ஆங்கிலத்தில் புகழ்தலைக் குறிக்கும் சொற்கள் இன்னும் பல உள. 'அப்ளாட்' என்பது கைதட்டுதலை உணர்த்தும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவையோர் ஒருங்கே காட்டும் மகிழ்ச்சிக்கு அது பொருந்தும். 'எக்ஸ்டோல்' என்பதன் அடிப்பொருள் மேலே தூக்குதல் ஆகும். 'அவரைத் தூக்கி வைத்துப் பேசினான்' என்னும் தமிழ் வழக்கு இதனோடு ஒத்திருக்கின்றது. 'அட்மயர்' என்பதன் அடிப்பொருள் வியத்தல்; தமிழில் 'வியத்தல்' என்பதும் அதிசயித்தல், நன்கு மதித்தல் ஆகிய இரண்டையும் குறிக்கும். 'கமெண்ட்' என்பதன் அடிப்பொருள் நம்பி ஒப்படைத்தல். ஒருவரை நல்லவர் என்று மற்றொருவரிடம் சொல்லுதல், அவரைத் தம் பொறுப்பிலே ஒப்படைப்பது போன்றது என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது.

மகிழ்ந்து கூவும் சொற்களும் மொழிக்கு மொழி பயணம் செய்துள்ளன. தமிழ் மேடைகளில் ஒலிக்கும் 'சபாஷ்' என்பது பாரசீகச் சொல். 'மகிழ்ச்சியோடு இரு' என்பது அதன் பொருள். ஐரோப்பிய இசையரங்குகளில் ஒலிக்கும் 'பிராவோ' என்பது இத்தாலியச் சொல். நல்லதைக் கண்டவுடன் மகிழ்ந்து கூவுதல் எல்லா நாட்டினர்க்கும் இயல்பு. அதனால்தான் இச்சொற்கள் எந்நாட்டிலும் தடையின்றி நுழைந்தன.

தமிழில் புகழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் தனித்தனி நிறமுடையவை. 'வாழ்த்துதல்' என்பது வாழ்தல் என்னும் சொல்லினடியாகப் பிறந்தது. பிறரை வாழச் செய்ய விழையும் சொல் அது. 'பரவுதல்' என்பது விரிந்து செல்லுதலையும் புகழ்தலையும் குறிக்கும். 'இசை' என்பது பாட்டையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். 'பாராட்டுதல்' என்பதோ புகழ்தல் என்னும் ஒரு பொருளோடு நில்லாது. 'உறவு பாராட்டினான்' எனவும், 'நன்றி பாராட்டினான்' எனவும், 'பகை பாராட்டினான்' எனவும் வழங்குதல் உண்டு. ஒன்றைப் பெரிதாகக் கொண்டு உள்ளத்தில் வைத்து நடத்தலே அதன் பொருள். 'சீராட்டிப் பாராட்டி வளர்த்தாள்' என்று தாயைக் குறித்துச் சொல்லும்போது, அச்சொல் வாயளவில் நில்லாமல் தொட்டிலையும் தாலாட்டையும் இரவெல்லாம் கண் விழித்த அன்பையும் குறிக்கின்றது.

இவை எல்லாவற்றினும் ஆழமான சொல் 'போற்றுதல்' என்பதாகும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இச்சொல்லுக்குப் புகழ்தல், வணங்குதல் என்னும் பொருள்களோடு பாதுகாத்தல், வளர்த்தல் என்னும் பொருள்களையும் தருகின்றது. போற்றுகின்றவன் காக்கவும் வேண்டும் என்பது தமிழர் கருத்து. ஆற்றைப் புகழ்ந்து பாட்டு இசைத்துவிட்டு அதன் கரையிலே குப்பையைக் கொட்டுகின்றவன் ஆற்றைப் போற்றியவன் ஆகான். தாய்மொழியை மேடையிலே உயர்த்திப் பேசிவிட்டு, அதில் ஒரு நல்ல நூலையேனும் கற்காதவன் மொழியைப் போற்றியவன் ஆகான்.

பழந்தமிழர் புகழ்ச்சிக்கு இலக்கணமே வகுத்தனர். தொல்காப்பியம் புறத்திணைகளுள் ஒன்றாகப் பாடாண் திணையைக் கூறுகின்றது. தலைவன் ஒருவனின் வீரமும் கொடையும் அருளும் அத்திணையில் பாடப்படும். அத்திணையில் வாயுறை வாழ்த்து என்னும் பகுதி ஒன்றுண்டு. வேம்பினைப் போல முதலில் கசந்து, பின்னர் நலம் தரும் சொற்களால் தலைவனுக்கு அறிவுரை கூறுவது அது. இதனைக் கண்டனம் என்று இலக்கணம் கூறவில்லை. வாழ்த்து என்றே கூறுகின்றது. குறையை அன்போடு எடுத்துக்காட்டுவதும் ஒருவரை வாழ்த்துவதன் ஒரு கூறே என்னும் தெளிவு முன்னோர்க்கு இருந்தது.

புகழ்ச்சியின் ஆற்றலை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று புறநானூற்றிலே காணப்படுகின்றது. அது தொண்டை நாட்டு அரசனோடு தொடர்புடையது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். அங்கிருந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலமைந்த மனையில் பளபளத்தன. ஔவையார் அவற்றின் அழகைக் கூறினார். பின்பு, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். கேட்போர்க்கு அது புகழ்ச்சியாகத் தோன்றும். எண்ணிப் பார்ப்போர்க்கு, போர்க்களம் காணாத வேலுக்கு அழகு இருந்தும் பயன் இல்லை என்னும் உண்மை புலப்படும். இதனை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். சொல் ஒன்றே, அதன் எடையை அறிவது கேட்போரின் மதியைப் பொறுத்தது.

தன்னைத் தானே புகழ்தல் பெரும்பாலும் இழிவாகவே கருதப்பட்டது. ஆயினும் பவணந்தி முனிவர் நன்னூலிலே சில இடங்களில் அதற்கு இடம் தந்துள்ளார். அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் இடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளுதல் தகும் என்பது அவர் விதி. இக்காலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் தன் தகுதிகளைத் தானே கூறுவது இவ்விதிக்குள் அடங்கும். உள்ளதை உள்ளவாறு கூறுதல் தற்பெருமை ஆகாது.

பிறரைப் புகழ்தற்கும் காலமும் இடமும் உண்டு என்பது ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றின் கருத்தாகும். நண்பனை அவன் காணாத இடத்திலும், ஆசிரியரை எவ்விடத்திலும், பணி செய்வோனைப் பணி முடிந்த பின்னரும், பெற்ற மக்களை உள்ளத்துள்ளும் புகழ வேண்டும் என்று அப்பாடல் கூறுகின்றது. நண்பன் இல்லாத இடத்தில் சொல்லும் நற்சொல்லில் கைம்மாறு கருதும் எண்ணம் இராது. ஆதலின் அது தூய்மையானது. ஆயினும், பெற்ற மக்களையும் மாணவரையும் அளவறிந்து வெளிப்படையாகப் பாராட்டுதல் நன்று என்பர் இக்காலக் கல்வியாளர். காலத்துக்கேற்ப முறை மாறலாம். தகுதி அறிந்து புகழ வேண்டும் என்னும் அடிப்படை மாறாது.

தகுதி அறியாமல் சொல்லும் புகழ்ச்சி யாது? அதனைத் தமிழர் முகத்துதி என்றனர். முகத்தின் முன்னே நின்று துதிப்பது என்பது அதன் பொருள். வடையைக் கவ்வியிருந்த காக்கையை நரி புகழ்ந்த கதையைக் கேளாத தமிழ்ச் சிறுவர் இலர். நரி காக்கையின் குரலை ஆராயவில்லை; வடையையே நோக்கிற்று. காக்கையும் தன் குரலைத் தான் அறியவில்லை. புகழ்ந்தவரும் அளக்கவில்லை, புகழப்பட்டவரும் அளக்கவில்லை. இடையிலே வடை போயிற்று. இவ்வாறு பொய்ப் புகழ்ச்சியால் பொருளை இழந்தோரும், படிப்பை இழந்தோரும் உலகில் பலர்.

பள்ளிப்பட்டு வட்டத்திலே பொதட்டூர்ப்பேட்டை என்னும் நெசவூர் ஒன்று உள்ளது. விசைத்தறிகளின் ஓசை அவ்வூர்த் தெருக்களில் கேட்டுக்கொண்டே இருக்கும். நெய்து முடித்த துணியைக் கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் எவ்வாறு பார்ப்பார் என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் வண்ணத்தைக் கண்டவுடன் வாய் திறப்பதில்லை. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கின்றார். பாவும் ஊடையும் ஒத்து ஓடுகின்றனவா என நோக்குகின்றார். கரையை விரலால் நெருடிப் பார்க்கின்றார். இழை அறுந்து முடிச்சிட்ட இடம் உண்டா எனத் துணியின் பின்புறத்தையும் திருப்பிப் பார்க்கின்றார். இவ்வளவும் செய்த பின்னர் அவர் 'நன்று' என்று ஒரு சொல் சொல்வாராயின், தறியில் அமர்ந்து பழகும் இளைஞனுக்கு அச்சொல் ஒரு பரிசுக்கு நிகராகும். 'கரை நன்று, நடுவிலே இரண்டு இழை தளர்ந்துள்ளது' என்று அவர் கூறினாலும் அதுவும் பாராட்டே. அடுத்த துணி செம்மையாக வருதற்கு அச்சொல் வழி செய்கின்றது. விற்பனைக்காகத் துணியை வானளாவப் புகழ்ந்துவிட்டு, நெய்தவனுக்குரிய கூலியைக் குறைப்பவரும் உலகில் உண்டு. அவர் நாவிலே புகழ் இருக்கின்றது. கையிலே விலை இல்லை. 'பிரெய்ஸ்' என்னும் சொல் ஒரு காலத்தில் இணைத்து வைத்த இரண்டையும் அவர் பிரித்துவிடுகின்றார்.

மாணவர் வாழ்வில் இவ்வுண்மை நாள்தோறும் பயன்படத்தக்கது. உடன் பயில்வோன் ஒருவன் எழுதிய கட்டுரையைப் படிக்காமலே 'மிக நன்று' என்று சொல்லுதல் எளிது. அதனால் அவனுக்கு விளையும் நன்மை ஒன்றும் இல்லை. முழுவதும் படித்து, 'இந்த எடுத்துக்காட்டு பொருத்தமாக அமைந்தது, முடிவில் மட்டும் ஒரு செய்தி விட்டுப்போயிற்று' என்று கூறுதற்கு உழைப்பு வேண்டும், அன்பும் வேண்டும். ஒருவனுக்காகக் காலத்தைச் செலவிட்டு அவன் செயலை ஆராய்வதே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதையாகும். அவ்வாறே, தனக்கு வரும் புகழ்ச்சியையும் மாணவன் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். புகழ்ந்தவர் தன் செயலைப் பார்த்தாரா, அல்லது தன் முகத்தை மட்டும் பார்த்தாரா என்று அவன் தன்னைத் தானே வினவிக்கொள்ளல் நன்று.

திருக்குறளின் இருபத்து நான்காம் அதிகாரம் புகழ் என்பதாகும். அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் ஈகையையும் புகழையும் இணைத்துக் கூறுகின்றார். ஈயாமல் புகழ் இல்லை என்னும் நெறி புகழ் பெறுவோர்க்கு மட்டுமன்றிப் புகழ்வோர்க்கும் பொருந்தும். புகழ்வோர் தம் காலத்தையும் கருத்தையும் முதலில் ஈதல் வேண்டும். 'புகழ்' என்று தமிழிலும், 'பொகடு' என்று தெலுங்கிலும், 'பிரெய்ஸ்' என்று ஆங்கிலத்திலும் எந்தச் சொல்லால் கூறினும், ஆராய்ந்து மதித்துக் கூறுவதே புகழ்ச்சி; கூறியபின் காத்து வளர்ப்பதே போற்றுதல். மும்மொழி பயிலும் மாணவர் இவ்விரண்டையும் கடைப்பிடித்து, தகுதியுடையாரைத் தயங்காமல் பாராட்டி வாழ்வாராக.